பாலம் திறந்தாச்சு, லாரி எங்கே?

எல்லை தாண்டிப் போகிற சாலை, பாலம், ரயில்பாதை என்று எந்தச் செய்தி வந்தாலும் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் யாராவது அதைப் போட்டு, "இனிமே உங்களுக்குக் கவலையே இல்லை" என்று எனக்கு ஒரு வரியும் சேர்த்துவிடுவார்கள். திண்டுக்கல் பக்கம் ஒரு நூல் மில்லில் ஏற்றுமதிப் பேப்பர் வேலை பார்க்கிறேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், எல்.சி. (வாங்குகிறவரின் பேங்க் தருகிற பண உறுதிக் கடிதம்) என்று நாள் முழுக்க இதோடுதான் மல்லுக்கட்டு. இந்தியப் பருத்தி நூலை அதிகம் வாங்குகிற நாடு வங்கதேசம், அதனால் என் மேஜையில் கிடக்கும் காகிதத்தில் பெரும்பகுதி அங்கே போகிற சரக்குக்கானதுதான். இத்தனை வருடம் அதைப் பார்த்ததில் எனக்குத் தோன்றுவது இது: இரண்டு நாட்டுக்கு நடுவே வணிகப் பாதை அமைப்பதில் தார் போடுவதுதான் சுலபமான வேலை. கஷ்டமெல்லாம் அதற்கப்புறம்தான், அதற்கு யாரும் ரிப்பன் வெட்ட வருவதில்லை.

எங்கள் நூல் வங்கதேசம் போக 2025 வரை இரண்டு வழி இருந்தது. ஒன்று கடல். தூத்துக்குடியில் கன்டெய்னர் ஏறும், கொழும்பில் இறங்கி வேறு கப்பலுக்கு மாறும், அப்புறம் சட்டோகிராம் (நாங்கள் எல்லோரும் இன்னும் சிட்டகாங் என்றுதான் சொல்கிறோம்). கொழும்பில் இணைப்புக் கப்பல் உடனே கிடைத்தால் அதிர்ஷ்டம், சட்டோகிராமில் துறைமுக நெரிசல் இல்லாமல் இருந்தால் இன்னொரு அதிர்ஷ்டம். இரண்டாவது வழி தரை. டாக்காவுக்குப் பக்கத்தில் பனியன் துணி பின்னும் ஒரு ஃபேக்டரிக்கு அவசரமாக 30 கவுண்ட் கோம்டு நூல் (கவுண்ட் என்பது நூலின் மெல்லிசைக் காட்டும் எண், எண் கூடினால் நூல் மெல்லிசு) வேண்டும், அளவும் கன்டெய்னர் கன்டெய்னராக இல்லை என்றால், லாரியில் ஏற்றி மேற்கு வங்கத்தின் பெட்ராபோல் வழியாக அனுப்பச் சொல்வார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர் பேனாபோல். தெற்காசியாவிலேயே பெரிய தரைத் துறைமுகம் (எல்லையில் சரக்கைச் சோதித்து அனுப்பும் இடம்) பெட்ராபோல்தான். இந்தியா வங்கதேசம் இடையே தரைவழியாக நடக்கிற வணிகத்தில், மதிப்பில் பார்த்தால், ஏறத்தாழ 70 சதவீதம் இந்த ஒரே வாசலில் நடக்கிறது என்று 2024-இல் அரசே சொன்னது.

திண்டுக்கல்லிலிருந்து கொல்கத்தா 2,000 கிலோமீட்டருக்கு மேல். கேட்கவே மலைப்பாக இருக்கும், ஆனால் இதில் பிரச்சினையே கிடையாது. சென்னை, விஜயவாடா, விசாகப்பட்டினம், புவனேஸ்வர் என்று டாரஸ் வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஜி.எஸ்.டி. வந்து மாநில எல்லைச் செக்போஸ்ட்டுகள் எடுக்கப்பட்ட பிறகு அதில் நின்றுகொண்டிருந்த நேரமும் போயிற்று. யோசித்துப் பார்த்தால் தமிழ்நாட்டிலிருந்து ஆந்திரா, ஆந்திராவிலிருந்து ஒடிசா என்று ஒரே லாரி, ஒரே டிரைவர், ஒரே பேப்பரில் மூன்று எல்லைகளைத் தாண்டுகிறது, அதை யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை. கதை கொல்கத்தா தாண்டியதும்தான் ஆரம்பம். கொல்கத்தாவிலிருந்து பெட்ராபோலுக்கு 80 கிலோமீட்டர் போல இருக்கும்.

அந்த 80 கிலோமீட்டர் ஜெசோர் சாலை. இரண்டு பக்கமும் பழைய மரங்கள், கிளைகள் மேலே பந்தல் போட்ட மாதிரி, பார்க்க அழகு. 1971-இல் அகதிகள் சாரை சாரையாக நடந்து வந்த சாலையும் இதுதான். லாரிக்கு மட்டும் குறுகல். அகலப்படுத்தவும் ரயில்வே மேம்பாலங்கள் கட்டவும் மரம் வெட்ட வேண்டும் என்று அரசு, வெட்டக் கூடாது என்று ஊர்க்காரர்கள், வழக்கு வருடக்கணக்கில் ஓடி, 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மேம்பாலங்களுக்காக 356 மரங்களை வெட்ட அனுமதித்தது. அந்த மரங்களுக்கு அடியில் போய்ப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு பக்கம் சேர மனம் வரவில்லை. ஆனால் சரக்கு தாமதமாவதற்குக் காரணம் மரம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தச் சாலை எட்டு வழியாக இருந்திருந்தால் எங்கள் லாரி கொஞ்சம் சீக்கிரமாகப் போய் வரிசையில் நின்றிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

வரிசை என்று நான் சொல்வது ரோட்டில் நிற்கிற வரிசையை இல்லை. பன்காவ் என்கிற ஊரில், எல்லைக்குக் கொஞ்சம் முன்னால், பார்க்கிங் மைதானங்கள் இருக்கின்றன. ஏற்றுமதி லாரி நேராக எல்லைக்குப் போக முடியாது, அங்கே நின்று முறை வந்த பிறகுதான் நகரும். வண்டி நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் பார்க்கிங் கட்டணம், லாரிக்காரருக்கு ஹால்ட்டிங் சார்ஜ், டிரைவருக்குப் பேட்டா. எங்கள் மில்லுக்கு வழக்கமாக ஓட்டுகிற சங்ககிரி டிரைவர் ஒருவர் போனில் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "சார், ஊர்ல இருந்து இங்க வந்து சேர ஆன நாளைவிட இங்க நின்ன நாள்தான் ஜாஸ்திங்க." அவர் மிகைப்படுத்தவில்லை. அந்தக் காலத்தில் வாரக்கணக்கில் நின்ற வண்டிகள் உண்டு. வண்டிக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன கேஸ் அடுப்பு, அதில் சோறும் ரசமும், ராத்திரியில் தார்ப்பாயை யாரும் கிழித்துவிடாமல் இருக்க ஆள் மாற்றி ஆள் முழிப்பு. மழை பெய்தால் மைதானம் சேறு, சேற்றில் டயர் இறங்கினால் இழுக்க இன்னொரு வண்டி, அதற்குத் தனிக் காசு.

இதிலே இன்னொன்று. தமிழ்நாட்டு லாரி பெரும்பாலும் எல்லையைத் தாண்டவே தாண்டாது. வாரக்கணக்கில் நின்றால் 2,000 கிலோமீட்டர் வந்த வண்டிக்காரருக்குக் கட்டுப்படியாகாது, ரிட்டர்ன் லோடு போய்விடும். அதனால் கொல்கத்தாவிலோ பன்காவிலோ குடோனில் சரக்கை இறக்கி, உள்ளூர் லாரியில் ஏற்றி, அந்த உள்ளூர் லாரிதான் வரிசையில் நிற்கும். முறை வந்ததும் அது பேனாபோலுக்குள் போகும். உள்ளே போக டிரைவருக்கு ஒரு தற்காலிகப் பாஸ், அதை வைத்துக்கொண்டு துறைமுக வளாகம் வரைதான் போகலாம். அங்கே ஷெட்டில் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் வங்கதேச லாரிக்கு நேரடியாக மாற்ற வேண்டும். இறக்கியதும் காலி வண்டியாகத் திரும்ப வேண்டும். ஆக ஒரு நூல் பெட்டி மில்லில் ஒருமுறை, பன்காவில் ஒருமுறை, பேனாபோலில் ஒருமுறை, கடைசியில் ஃபேக்டரியில் ஒருமுறை என்று ஆள் கை படுகிறது.

நேரில் போய்ப் பார்த்தபோது இந்த மாற்றுகிற வேலையைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் லாரியின் பின்பக்கமும் அந்த ஊர் லாரியின் பின்பக்கமும் முட்டுகிற மாதிரி நிறுத்தி, நடுவே ஒரு பலகை. லோடுமேன்கள் தலையில் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொரு அட்டைப்பெட்டியாகத் தூக்கிப் போகிறார்கள். அசுர வேகம், ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் பலகையில் ஓட்டம். அவர்கள் வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அட்டைப்பெட்டி நான்காவது கை படும்போது மூலை மசிந்துவிடும், உள்ளே கோனின் (நூல் சுற்றியிருக்கும் கூம்பின்) நுனி நசுங்கும். நசுங்கிய கோனை நிட்டிங் மிஷினில் மாட்டினால் நூல் சீராக இழுபடாது, அறுந்து அறுந்து போகும், அறுந்தால் துணியில் ஓட்டை. மூன்று வாரம் கழித்து வாங்கியவரிடமிருந்து போட்டோவோடு மெயில் வரும், இவ்வளவு கழித்துக்கொள்கிறோம் என்று. இதை எந்தப் புள்ளிவிவரமும் எல்லைச் செலவு என்று கணக்கில் சேர்ப்பதில்லை, மில்காரர் தலையில் தரக்குறைவு என்று எழுதிவிடுவார்கள்.

ஏன் இறக்க வேண்டும், அதே லாரி டாக்கா வரை போகக் கூடாதா என்றுதானே கேட்பீர்கள். போகலாம், தாளில் போகலாம். 2015 ஜூன் 15 அன்று திம்புவில் வங்கதேசம், பூட்டான், இந்தியா, நேபாளம் நான்கும் மோட்டார் வாகன ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்துப் போட்டன. ஒரு நாட்டு வண்டி மற்ற நாட்டுக்குள் சரக்கோடு போய் வரலாம் என்பதுதான் சாரம். அதே ஆண்டு நவம்பரில் கொல்கத்தாவிலிருந்து டாக்கா வழியாக அகர்தலா வரை ஒரு லாரியைச் சோதனையாக ஓட்டியும் காட்டினார்கள். மாலை, கைதட்டல், போட்டோ எல்லாம் ஆயிற்று. அப்புறம் பூட்டான் நாடாளுமன்றத்தில் ஒப்புதல் கிடைக்கவில்லை. சின்ன நாடு, மலைப்பாதைகளில் வெளிநாட்டு லாரிகள் வந்து குவிந்தால் காற்றும் காடும் என்னாகும் என்று அவர்கள் பயந்ததில் நியாயம் இருக்கிறது. மற்ற மூன்று நாடுகள் மட்டும் முதலில் ஆரம்பிப்பது என்று பேசி, விதிமுறை எழுத உட்கார்ந்து, வருடங்கள் ஓடிவிட்டன. வண்டிக்கு இன்சூரன்ஸ் எந்த நாட்டினுடையது, டிரைவருக்கு விசாவா பாஸா, அச்சு எடை வரம்பு யாருடையது, வழியில் விபத்து நடந்தால் எந்தப் போலீஸ். ஒவ்வொன்றும் பதில் சொல்ல முடிகிற கேள்விதான், ஆனால் பதில் சொல்லியே ஆக வேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை.

யாருக்கும் இல்லை என்பதைவிட, சிலருக்குப் பதில் வராமல் இருப்பதுதான் நல்லது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பன்காவில் பார்க்கிங் இடத்தை வாடகைக்கு விட்டவர், குடோன் வைத்திருப்பவர், எல்லை வரை மட்டும் ஓடுகிற பழைய உள்ளூர் லாரிக்காரர், கிளியரிங் ஏஜென்ட், அவரிடம் ஃபைல் தூக்குகிற பையன், லோடுமேன், டீக்கடை என்று ஒரு ஊரே இந்தத் தாமதத்தில்தான் சாப்பிடுகிறது. அந்தப் பக்கம் பேனாபோலிலும் இதே கணக்குத்தான். சரக்கு நிற்காமல் போனால் இவர்கள் எங்கே போவார்கள் என்று எந்தத் திட்ட அறிக்கையும் உருப்படியாகச் சொல்வதில்லை, அதனால் எந்தச் சீர்திருத்தம் வந்தாலும் முதல் நாளே ஸ்டிரைக். 2022-இல் மேற்கு வங்க அரசு சுவிதா என்ற பெயரில் ஆன்லைனில் நேரம் பதிவு செய்கிற முறையைக் கொண்டுவந்தபோது எனக்கே முதலில் எரிச்சல்தான், இன்னொரு கட்டணம், இன்னொரு பாஸ்வேர்டு என்று. ஆனால் முறை எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிவது பெரிய விஷயம். வாரக்கணக்கில் தெரியாமல் நிற்பதைவிடத் தெரிந்து காசு கொடுப்பது எனக்குப் பரவாயில்லை. இதை ஏற்றுமதியாளர்கள் கூட்டத்தில் சொன்னால் அடிக்க வருவார்கள், அது வேறு விஷயம்.

2021 மார்ச்சில் உலக வங்கி இந்தியா வங்கதேசப் போக்குவரத்து இணைப்பு பற்றி ஒரு அறிக்கை போட்டது. பெட்ராபோல் பேனாபோலைத் தாண்டப் பல நாட்கள் ஆகின்றன, இதே அளவு சரக்கு போகிற கிழக்கு ஆப்பிரிக்க எல்லைகளில் 6 மணி நேரத்துக்குள் வேலை முடிகிறது என்று அதில் இருந்தது. இந்தியாவிலிருக்கும் ஒரு கம்பெனிக்கு வங்கதேசத்தோடு வணிகம் செய்வதைவிடப் பிரேசிலோடோ ஜெர்மனியோடோ செய்வது 15 முதல் 20 சதவீதம் மலிவு என்றும் சொல்லியிருந்தார்கள். நாங்கள் அலுவலகத்தில் இதைப் படித்துச் சிரித்தோம், ஏனென்றால் எங்கள் கணக்குப் புத்தகம் பல வருடமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

கிழக்கு ஆப்பிரிக்கா என்றதும் எனக்கு ஆர்வம் வந்து தேடிப் படித்தேன். கென்யாவின் மொம்பாசா துறைமுகத்தில் இறங்குகிற சரக்கு மலாபா அல்லது புசியா எல்லை வழியாக உகாண்டா போகிறது, அங்கிருந்து ருவாண்டா வரையும் போகும். 2014-இல் அங்கே ஒற்றைச் சுங்கப் பகுதி என்ற முறையைத் தொடங்கினார்கள். உகாண்டாவுக்குப் போகிற சரக்குக்கான வரியைக் கட்டுகிற வேலை மொம்பாசாவை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே முடிந்துவிடும். எல்லையில் இரண்டு நாட்டு அதிகாரிகளும் ஒரே கட்டடத்தில் உட்கார்ந்திருப்பார்கள், வண்டி ஒருமுறை நின்றால் போதும். கன்டெய்னரின் எலக்ட்ரானிக் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புவார்கள். அதே லாரி, அதே டிரைவர், உகாண்டா தலைநகர் கம்பாலா வரை. இந்த மாதிரி ஒரே நிறுத்த எல்லைச் சாவடியை ஆப்பிரிக்காவில் முதன்முதலில் செய்தது ஜாம்பியாவும் ஜிம்பாப்வேயும், 2009 டிசம்பரில், சிருண்டு என்ற இடத்தில். அங்கே எல்லாம் சொர்க்கம் என்றும் நினைக்க வேண்டாம். 2022 ஜனவரியில் உகாண்டா எல்லா டிரைவருக்கும் கோவிட் பரிசோதனை, அதுவும் காசு கட்டி, என்று சொன்னதும் மலாபாவில் கிலோமீட்டர் கணக்கில் லாரி நின்றது. ஆனால் வித்தியாசத்தைக் கவனியுங்கள், அங்கே நின்றால் அது செய்தி. பன்காவில் நிற்பது யாருக்கும் செய்தியே இல்லை.

நம் பக்கம் எதுவுமே நடக்கவில்லை என்று சொன்னால் பொய். 2016 ஜூலையில் பெட்ராபோலில் ஒருங்கிணைந்த சோதனைச் சாவடி திறந்தார்கள், குடோன், எடைமேடை, ஸ்கேனர், குளிர்பதன வசதி எல்லாம் ஒரே வளாகத்துக்குள் வந்தது. 2024 அக்டோபரில் மைத்ரீ துவார் என்று சரக்குக்குத் தனி வாசல் திறந்தார்கள். அந்தப் பக்கம் 2022 ஜூனில் 6.15 கிலோமீட்டர் பத்மா பாலம் திறந்ததில் பேனாபோலிலிருந்து டாக்கா போகிற லாரி ஃபெரிக்காக ஆற்றங்கரையில் மணிக்கணக்கில் தவமிருந்த நிலை மாறியது. ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது ஒரு மிளகாய் ரயில். 2020-இல் கொரோனா ஊரடங்கில் பெட்ராபோலில் லாரி நின்றுபோனபோது, குண்டூர் பக்கம் ரெட்டிபாலத்திலிருந்து காய்ந்த மிளகாயை 16 பார்சல் வேகன்களில், 384 டன், நேராகப் பேனாபோலுக்கு ரயில்வே கொண்டுபோனது. லாரியில் டன்னுக்கு 7,000 ரூபாய் ஆன இடத்தில் ரயிலில் 4,608 ரூபாய். புதிதாகத் தண்டவாளம் எதுவும் போடவில்லை. இருந்த பாதையில், லாரி இல்லாத நெருக்கடியில், யாரோ சில அதிகாரிகள் வியாபாரிகளோடு உட்கார்ந்து பேசி முடித்தார்கள். அந்தத் தடத்தில் 1965 போருக்கு முன்பு பயணிகள் ரயிலே ஓடியது. அதில் மிளகாய்க்கு வழிவிட்டது ஒரு வைரஸ்.

இதற்கு நேர்மாறாக, கட்டி முடித்துவிட்டுக் காத்திருக்கிற கதை திரிபுராவில் இருக்கிறது. அகர்தலாவிலிருந்து கொல்கத்தாவுக்கு இந்திய மண்ணிலேயே போனால் சிலிகுரியில் கோழிக் கழுத்து என்று சொல்கிற குறுகலான நிலத்துண்டைச் சுற்றிக்கொண்டு 1,600 கிலோமீட்டர், வங்கதேசம் வழியாகப் போனால் 450 கிலோமீட்டர் போலத்தான். திரிபுராவின் தென்கோடியில் இருக்கும் சப்ரூமிலிருந்து சட்டோகிராம் துறைமுகம் 80 கிலோமீட்டர்கூட இல்லை. வரைபடத்தில் பார்த்தாலே கை பரபரக்கும். 2020 ஜூலையில் கொல்கத்தாவிலிருந்து கப்பலில் சட்டோகிராம், அங்கிருந்து லாரியில் அகர்தலா என்று கம்பியும் பருப்பும் நான்கு கன்டெய்னர்களில் சோதனையாகப் போயின. 2021 மார்ச்சில் எல்லையில் ஓடும் ஃபெனி ஆற்றுக்கு மேலே 1.9 கிலோமீட்டர் மைத்ரீ சேது திறந்தாச்சு. 2023 நவம்பரில் அகர்தலாவிலிருந்து வங்கதேசத்தின் அகௌராவுக்கு ரயில் இணைப்பும் திறந்தாச்சு. 2024-இலும் அந்தப் பாலத்தில் சரக்கு லாரி போக்குவரத்து தொடங்கவில்லை. பாலம் இருந்தது, பாலத்தின் இரண்டு முனையிலும் உட்கார வேண்டிய கஸ்டம்ஸ் வசதி தயாராக இல்லை. அது தயாராகிற நேரத்தில் டாக்காவில் ஆட்சியே மாறிவிட்டது.

இங்கேதான் எனக்கு உண்மையான கவலை. கட்டடம், ஸ்கேனர், ஆன்லைன் பதிவு எல்லாம் சரியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு வியாபாரி அந்த வழியை நம்பி ஃபேக்டரி போட வேண்டுமானால், நாளைக் காலையும் அந்த வாசல் திறந்திருக்கும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். 2020 செப்டம்பர் 14 அன்று இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் திடீரென்று நிறுத்தியது. அன்றைக்குப் பெட்ராபோலில் வரிசையில் நின்ற லாரிகளில் இருந்த வெங்காயம் என்ன செய்யும்? அழுகும். வெங்காயம் வைத்திருந்தவர்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் 2025-இல் எங்கள் முறை வந்தது.

2025 ஏப்ரல் 8 அன்று, வங்கதேசத்து ஏற்றுமதிச் சரக்கு இந்தியத் துறைமுகங்கள், விமான நிலையங்கள் வழியாக மூன்றாம் நாடுகளுக்குப் போக 2020 முதல் இருந்த வசதியை இந்தியா ரத்து செய்தது. அடுத்த சில நாட்களில் வங்கதேசம், பேனாபோல் உள்ளிட்ட தரைத் துறைமுகங்கள் வழியாக நூல் இறக்குமதி கூடாது என்று உத்தரவு போட்டது. மே 17 அன்று இந்தியா, வங்கதேச ஆயத்த ஆடை தரைவழியாக உள்ளே வரக் கூடாது, மும்பை பக்கம் நவ சேவா, கொல்கத்தா துறைமுகங்கள் வழியாக மட்டும்தான் என்றது. ஜூன் கடைசியில் சணல் பொருட்களுக்கும் தரைவழி மூடியது. மூன்றே மாதத்தில், மாறி மாறி, காகிதத்தில். இந்தப் பக்கம் இருபது வருடமாகக் கட்டினதில் ஒரு செங்கல்லும் விழவில்லை, ஆனால் வழி இல்லை.

நூல் தடை பற்றி எங்கள் வட்டாரத்தில் எல்லோரும் அரசியல் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். அரசியலும் இருந்தது. ஆனால் அந்த நாட்டு மில் சங்கம் சொன்ன காரணத்தைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். தரைவழியாக வருகிற நூலில் கவுண்ட்டைக் குறைத்துக் காட்டுகிறார்கள், எடையைக் குறைத்துக் காட்டுகிறார்கள், அதை அங்கேயே சோதிக்க எல்லைச் சாவடிகளில் வசதி இல்லை, அதனால் உள்ளூர் மில் நசுங்குகிறது என்றார்கள். 40 கவுண்ட் நூலை 30 என்று எழுதினால் மதிப்பு குறையும், விலை வித்தியாசம் தெரிந்தவர்களுக்கு இது புரியும். எல்லோரும் அப்படிச் செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், ஒருவரும் செய்யவில்லை என்றும் சொல்ல மாட்டேன். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க என்ன வேண்டும் என்று பார்த்தால்தான் வயிறு எரிகிறது. நூல் கவுண்ட் பார்ப்பது ராக்கெட் விடுகிற வேலை இல்லை. எங்கள் மில்லில் தினமும் ஷிப்டுக்கு ஷிப்டு பார்க்கிறோம். 120 கஜம் நூலை ஒரு சக்கரத்தில் சுற்றி எடுத்து, அதைத் துல்லியத் தராசில் எடை போட்டால் கவுண்ட் வந்துவிடும். ஒரு பெட்டியில் ஒரு கோன் எடுத்துச் செய்தால் சில நிமிடம். அந்தச் சக்கரமும் தராசும் அதைப் பார்க்கத் தெரிந்த இரண்டு பேரும் பேனாபோலில் இருந்து, அவர்கள் கொடுக்கிற சீட்டை இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்கிற ஏற்பாடும் இருந்திருந்தால், தடைக்குச் சொல்ல ஒரு காரணமாவது குறைந்திருக்கும். கோடிக்கணக்கில் வளாகம் கட்டுகிறபோது பரிசோதனைக் கூடத்துக்கு மட்டும் இடம் ஒதுக்கி, கருவியும் ஆளும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதை இந்த ஒரு எல்லையில் மட்டுமா பார்க்கிறோம். உணவுப் பொருள் அனுப்புகிறவர்களைக் கேளுங்கள், மாதிரியை எங்கோ தூரத்து ஊருக்கு அனுப்பிவிட்டு அறிக்கை வரும்வரை லாரி நிற்கிற கதையைச் சொல்வார்கள்.

என்னைக் கேட்டால், அடுத்த பாலத்துக்கு முன்னால் செய்ய வேண்டியவை இப்படிச் சின்னதாகத்தான் இருக்கின்றன. ஒரு பக்கம் பார்த்து முத்திரை வைத்ததை மறுபக்கம் திரும்பப் பிரிக்காமல் இருப்பது. இரண்டு பக்கக் கஸ்டம்ஸும் ஒரே நேரம் திறந்து ஒரே நேரம் மூடுவது, ஒரு பக்கம் விடுமுறை, மறுபக்கம் வேலை நாள் என்று நாட்களைத் தின்னாமல் இருப்பது. புதுத் தடை போட்டால் ஏற்கெனவே எல்.சி. திறந்த சரக்குக்கும் வழியில் இருக்கிற லாரிக்கும் இத்தனை நாள் அவகாசம் என்று முன்பே எழுதி வைப்பது. அப்புறம் பன்காவ் லோடுமேனுக்கும் உள்ளூர் லாரிக்காரருக்கும் என்ன வேலை என்று வெளிப்படையாகப் பேசுவது, இல்லாவிட்டால் எத்தனை மைத்ரீ துவார் திறந்தாலும் பார்க்கிங் மைதானம் இன்னொரு பெயரில் முளைக்கும்.

தடை வந்ததிலிருந்து எங்கள் பெட்டிகள் தூத்துக்குடிக்குத்தான் போகின்றன. கொழும்பில் இணைப்புக் கப்பல் கிடைத்தால் சீக்கிரம், கிடைக்காவிட்டால் அங்கேயே கிடக்கும். சங்ககிரி டிரைவர் இப்போது கொல்கத்தா பக்கம் போவதில்லை, மும்பை லைனில் ஓட்டுகிறார். டாக்கா பார்ட்டி அவசர ஆர்டர் போடுவதை விட்டுவிட்டு, ஒரு மாதம் முன்னாலேயே நூல் வாங்கிக் குடோனில் அடுக்கப் பழகிக்கொண்டார். அதற்கான வட்டியை எங்கள் விலையில்தான் கழிக்கிறார்.